சென்னியப்பன் சொன்ன இரண்டு

ஒரு மனிதரின் வயிற்றுக்குள் தையல் விட்டுப்போய் விஷம் பரவிக்கொண்டிருந்த பிற்பகலில், "அவருக்கு வலி இரண்டுதான், டாக்டரைக் கூப்பிட வேண்டாம்" என்று சொன்னவள் நான். கூப்பிட வேண்டும் என்று கெஞ்சிய மாணவியை அடக்கியவளும் நான். மறுநாள் பழி முழுக்க அந்தப் பெண்ணின் தலையில் இறங்கியபோது, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தவளும்... நானேதான்!

சொல்லிவிட்டேன். முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். இல்லாவிட்டால் வழக்கம்போல நான் எதையாவது வேடிக்கையாகப் பேசி, நீங்களும் சிரித்து, விஷயத்துக்கு வராமலேயே இருவரும் எழுந்து போய்விடுவோம். அதில் எனக்குத் தேர்ச்சி உண்டு.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். வார இதழ்களில் பக்கத்தின் அடியில் இடம் மிஞ்சினால் போடுவார்களே, ஆஸ்பத்திரித் துணுக்குகள்... அவற்றில் பல என்னுடையவை. சோப்பு விளம்பரத்துக்கும் ராசிபலனுக்கும் நடுவில் என் இலக்கிய வாழ்க்கை நடந்தது. பகலில் நான் கோயமுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் நர்சிங் பள்ளியில் ஆசிரியை. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அது அவிநாசி சாலையில் இருந்ததா, திருச்சி சாலையில் இருந்ததா என்பதும் வேண்டாம். தப்பு கட்டடத்தினுடையது அல்ல.

தாராபுரத்துக்காரர் துணுக்கைப் படித்தது நினைவிருக்கிறதா? இல்லாவிட்டாலும் பாதகமில்லை, மறுபடி சொல்லத்தான் போகிறேன். இந்த முறையும் சிரிப்பீர்களா என்று பார்க்க எனக்கு ஆவல்.

அதற்கு முன், அந்த 'இரண்டு' என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் முற்பகுதி அது. அறுவை சிகிச்சை முடிந்தவரைத் தேற்றி எழுப்பி வீட்டுக்கு அனுப்புவது எப்படி என்று மூன்றாம் ஆண்டுப் பெண்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைய வார்டுகளில் எல்லாவற்றுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. எதற்கும் காரணம் இருந்ததில்லை. ஆபரேஷன் ஆனவர் அசையாமல் கிடக்க வேண்டும். காற்றுப் பிரியும்வரை சொட்டுத் தண்ணீர் கூடாது. வலிக்கிறது என்று முனகினால், "ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும்" என்ற தத்துவத்தை வேண்டிய அளவு கொடுக்கலாம். மருந்தை மட்டும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் உடைப்பதற்கென்றே நான் போத்தனூரில் வந்து பிறந்தேன் என்று அப்போது எண்ணம். கப்பலில் ஆடி அசைந்து வந்துசேரும் வெளிநாட்டு நர்சிங் இதழ்களை நூலகத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பேன். படித்துவிட்டு வகுப்புக்குப் போவேன்.

"ஏன் தண்ணி குடுக்கக் கூடாது?"

"அப்படித்தாங்க மேடம் செய்வாங்க."

"யார் செய்வாங்க?"

"எல்லாருமுங்க."

"எல்லாரும் செய்யறது ஆதாரம் ஆயிடுமா?"

வகுப்பே குனிந்து நோட்டைப் புரட்டும். எனக்கு இனிக்கும்! விடுதியில் எனக்கு 'எவிடென்ஸு' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் தாழ்வாரத்தில் வருவதைப் பார்த்து ஒருத்தி, "ஏய், எவிடென்ஸு வருதுடி, சாப்பிட்டதுக்கு ஆதாரம் எடுத்து வெச்சுக்க!" என்று கிசுகிசுத்ததை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கோபம் வரவில்லை. பெருமையாக இருந்தது... நோயின் முதல் அறிகுறி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நான் கொண்டுவந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வலி அட்டை. நீளமான ஓர் அட்டையில் சுழியம் முதல் பத்துவரை கோடு போட்டிருக்கும். சுழியம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாது. நோயாளியிடம் அட்டையைக் காட்டி, எத்தனை என்று கேட்டு, அவர் சொல்லும் எண்ணைச் சார்ட்டில் எழுத வேண்டும். எண் பாதியைத் தாண்டினால் டாக்டருக்குச் சொல்லி மருந்து வாங்கித் தர வேண்டும். வலி நோயாளியுடையது, எத்தனை என்று சொல்லும் உரிமையும் அவருடையது, நர்ஸ் அதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இதுதான் விதி.

நல்ல விதி! நோயாளியின் பேச்சை யாரும் நம்பாத வார்டுகளில், நோயாளிக்காகவே ஏற்பட்ட விதி. இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அதை வகுத்தவர்கள் யாரும் கொங்கு நாட்டில் வயிறு கிழித்துக்கொண்டவர்கள் அல்லர்.

நம் ஊர்க்காரரிடம் வலிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய கவலை முதலில் தன் வயிற்றைப் பற்றியதாக இருக்காது. மெனக்கெட்டு வந்து கேட்கிறார்களே, இவர்கள் மனம் கோணாமல் என்ன சொல்வது என்பதாகத்தான் இருக்கும்.

தாராபுரத்து விவசாயி ஒருவர். குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது. மாணவி அட்டையை நீட்டினாள். அவர் அதை வாங்கி, சம்பந்தி வீட்டிலிருந்து வந்த ஜாதகம்போல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் கண்ணு, எத்தனைன்னு சொன்னா உங்களுக்குத் தோதா இருக்கும்?"

"உங்களுக்கு எத்தனை வலிக்குதோ அத்தனை சொல்லுங்க."

"நமக்கென்னங்க கெடக்குது... ஆறுன்னு வெச்சுக்கலாமா? ஆறுன்னா உங்களுக்கு வேலை சாஸ்தி ஆயிருமா?"

"டாக்டரைக் கூப்பிடோணுங்க."

"அட பாவம், அவரு இப்பத்தான் சாப்பிடப் போனாரு. நீங்களும் காலைல புடிச்சு நின்னுட்டே இருக்கறீங்க. மூணாப் போட்டுக்குங்க கண்ணு."

பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் தூக்கி, "எனக்கும் அதையே போட்டுருங்க" என்றார்.

அன்று மாலையே எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்தடுத்த வாரங்களில் ஏதோ ஒன்றில், கட்டிலில் படுத்து நர்ஸைக் கும்பிடும் மீசைக்காரரின் படத்தோடு வந்தது. நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்... அந்த 'மூன்று' சார்ட்டில் அப்படியே இருந்தது. துணுக்கை எழுதிய அதே கை, அந்த வாரக் கடைசியில் அந்த மூன்றையும் மற்ற எண்களோடு கூட்டி, வகுத்து, 'எங்கள் வார்டில் வலி குறைந்துவருகிறது' என்று வரைபடம் போட்டது!

இது எப்படி முடிந்தது? இதைத்தான் நான் இத்தனை காலமாக யோசிக்கிறேன். குற்ற உணர்ச்சி என்று மட்டும் சொல்லிவிட முடியாது; உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை. ஒரே மண்டைக்குள் இரண்டு பேர் குடியிருந்தார்களா? எழுதுகிறவள் பார்த்ததை, கற்பிக்கிறவள் பார்க்கவில்லையா? அல்லது... சிரித்துவிட்டால் போதும், பிறகு அதைப் பற்றி எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று இருவருமாகச் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்களா?

பரிதா என் வகுப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. கோட்டைமேட்டுப் பெண். அவளுடைய அத்தா குடையும் பூட்டும் பழுதுபார்க்கும் சின்னக் கடை வைத்திருந்தார். பெண்ணை நர்ஸ் வேலைக்குப் படிக்க வைப்பதா என்று கேட்ட உறவுக்காரர்களோடெல்லாம் சண்டை போட்டு அவளைக் கொண்டுவந்து சேர்த்தவர். மதிப்பெண்ணில் அவள் நடுத்தரம். நாடி பார்க்கப் போனால் தேவைக்கு அதிகமாக நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதற்காக இரண்டொரு முறை கண்டித்திருக்கிறேன்.

சென்னியப்பன் பல்லடத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். ஐம்பதை ஒட்டிய வயது. தீவன மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கிப் போடக்கூடிய உடம்பு. குடலில் அடைப்பு. கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். மறுநாளே எழுந்து நிற்க வேண்டும், நடக்க வேண்டும், தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமிச் சளியை வெளியேற்ற வேண்டும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் காரணமும் சொன்னேன். அவர் காரணத்தைக் கேட்கவே இல்லை.

"நீங்க நடக்கச் சொன்னா நடந்துபோடறேனுங் டீச்சரம்மா. இதென்ன பெரிய காரியமுங்களா?"

நடந்தார்! ஒரு கையில் மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பி, மறுகையில் அவிழ்ந்துவிடாமல் பிடித்த வேட்டி. வார்டே பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் வேறு ஊர் நர்சிங் பள்ளிகளிலிருந்து ஆசிரியைகள் வருவதாக இருந்தார்கள். எங்கள் முறையைப் பற்றி அவர்களுக்கு நான் உரையாற்ற வேண்டும். அந்த சந்தோஷத்தில் அவர் கட்டில் ஓரம் நின்று சொன்னேன்: "வெளியூர்ல இருந்தெல்லாம் ஆளுங்க வர்றாங்க. உங்களைப் பத்தித்தான் அவங்ககிட்டச் சொல்லப் போறேன்."

இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது வைத்துக்கொள்ளவில்லை.

உரைக்கு முந்தைய நாள் பிற்பகல். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, ஓவர்ஹெட் புரொஜெக்டரில் காட்டுவதற்காகக் கண்ணாடித் தாளில் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். பரிதா வந்து வாசலில் நின்றாள்.

"மேடம், பல்லடத்துக்காரருக்கு ரெண்டு இல்லீங்க மேடம்."

"அவர் என்ன சொன்னார்?"

"ரெண்டுன்னுதாங்க சொன்னாரு."

"அப்புறம்?"

"மொகம் ரெண்டு மாதிரி இல்லீங்க. நாடியும் ஓட்டமா ஓடுதுங்க. மத்தியானம் கஞ்சியைத் தொடவே இல்லீங்க."

தூரிகையை வைத்துவிட்டு எழுந்து போனேன். போகாமல் இருந்திருந்தால், தெரியாமல் நடந்துவிட்டது என்றாவது இன்று சொல்லலாம். போனேன்.

சென்னியப்பன் என்னைப் பார்த்ததும் சிரித்தார். மேலுதட்டில் வேர்வை. அவர் மனைவி மயிலாத்தாள் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"ராத்திரி பூராம் பல்லக் கடிச்சுட்டே கெடந்தாருங்க அம்மணி..."

"நீ சும்மா இருக்க மாட்டயா? அவங்களே ஆயிரம் சோலியில இருக்கறாங்க" என்று அவர் மனைவியை அதட்டினார். அதட்டியதும் மூச்சு வாங்கியது.

அட்டையை நீட்டினேன். "எத்தனைங்க?"

"ரெண்டேதானுங் டீச்சரம்மா."

முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. போர்வைக்கு வெளியே நீண்டிருந்த அவருடைய வலது கை கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்திருந்தது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. பார்த்தேன்! இதை நான் மறைக்கப்போவதில்லை. அந்தக் கையைப் பார்த்தேன். ஒரு நல்ல துணுக்குக்குரிய விவரம் என்றுகூட... ஒரு கணம் தோன்றியது.

தாழ்வாரத்துக்கு வந்தோம்.

"டாக்டரைக் கூப்பிடட்டுங்களா மேடம்?"

"எதை வச்சுக் கூப்பிடுவே?"

"பாத்தாலே தெரியுதுங்களே..."

"பாத்தாலே தெரியறது ஆதாரம் இல்லை. நடந்துட்டு வந்து படுத்திருக்கார், நாடி கொஞ்சம் ஓடத்தான் செய்யும். அவரு வலியை அவரு சொல்லணும், நீ சொல்லக் கூடாது. இதைத்தானே இத்தனை நாளாப் படிச்சோம்?"

அவள் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"எங்க அத்தா பல்லுப் புடுங்கிட்டு வந்தப்ப, டாக்டர்கிட்ட ஒண்ணுமே வலிக்கலீங்கன்னு சொல்லிட்டு, ஊட்டுக்கு வந்து தலைகாணியைக் கடிச்சாருங்க மேடம். நீங்ககூட எழுதியிருந்தீங்களே... அந்தத் தாராபுரத்துக்காரரு, மூணாப் போட்டுக்குங்கன்னு... அதைப் படிச்சதுல இருந்து எனக்கு எந்த நம்பரைப் பாத்தாலும் சந்தேகமா இருக்குதுங்க."

நான் எழுதியதை அத்தனை கவனமாகப் படித்த வாசகி எனக்கு வேறு யாரும் வாய்க்கவில்லை. நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அவள் ஒருத்திதான் நம்பினாள்!

அவளிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அது துணுக்கு, பரிதா. இது சார்ட்."

சொல்லிவிட்டு, வண்ணம் தீட்டப் போய்விட்டேன். வரைபடத்தில் இரண்டுக்கு நேராக இன்னொரு புள்ளி வைத்தேன். பச்சை நிறம்.

மறுநாள் காலை ரவுண்டில் பெரிய டாக்டர் சென்னியப்பனின் வயிற்றில் கை வைத்தார். பலகைபோல இறுகியிருந்தது. அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தியேட்டருக்குக் கொண்டுபோனபோது நான் அடுத்த கட்டடத்தின் கூடத்தில் திரைச்சீலையை இழுத்து இருட்டாக்கிக்கொண்டிருந்தேன்.

உரையின் பாதியில் வார்டு ஆயா வந்து என் காதோரம் சொன்னார்: "பல்லடத்துக்காரரை மறுக்கா ஆபரேசனுக்குக் கொண்டுபோயிட்டாங்க மேடம். தையல் உட்டுப்போச்சாமுங்க."

சுவரில் என் வரைபடம் பெரிதாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. பச்சைப் புள்ளிகள் எல்லாம் அடக்கமாகக் கீழே கூடியிருந்தன. அவற்றில் ஒன்று அவர். எது என்று எனக்குத் தெரியும். அதன் மேல் குச்சியை வைத்து, "அடுத்து..." என்றேன்.

ஆம், தொடர்ந்தேன். முடித்தேன். கைதட்டினார்கள். வந்திருந்த ஓர் அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேஷண்ட்டுகளுக்கு வலியே இல்லியே மேடம்! எப்படிச் சாதிச்சீங்க?" என்று கேட்டார். ஆதாரத்தைப் பின்பற்றினோம் என்று பதில் சொன்னேன். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தோம்.

அன்று பிற்பகல், நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அறை. பெரிய டாக்டர், சூப்பரின்டென்டென்ட் அம்மாள், நான், எதிரே நின்றுகொண்டு பரிதா.

"நேத்து மத்தியானம் பேஷண்ட்டைப் பாத்தது யாரு?"

"நான்தாங்க சார்."

"உனக்கு ஒண்ணும் தோணலியா?"

"தோணுச்சுங்க சார்."

"தோணுச்சா? அப்ப ஏம்மா யார்கிட்டயும் சொல்லலை?"

அவள் என்னைப் பார்த்தாள்.

நீளமான பார்வை அல்ல. கோபமான பார்வையும் அல்ல. வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பவர்கள் பார்ப்பார்களே, அப்படி. 'என்னிடம் சொன்னாள், நான்தான் வேண்டாம் என்றேன்.' அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. மனத்துக்குள் வாக்கியம் தயாராகவே இருந்தது. எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தது... நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதற்குச் சாவி கொடுக்கத் தொடங்கினேன். காலையில்தான் கொடுத்திருந்தேன். திருகு திரும்ப மறுத்தது.

"தப்புதாங்க சார்" என்றாள் பரிதா.

சூப்பரின்டென்டென்ட் அம்மாள் என் பக்கம் திரும்பினார். "ஏன் மேடம், இதெல்லாம் நீங்க சொல்லித் தர்றதில்லையா?"

"சொல்லித் தந்திருக்கிறேன்" என்றேன்.

அது பொய்கூட இல்லை, பார்த்தீர்களா? அதில் இருக்கும் நேர்த்தியை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு! வாழ்நாளில் நான் எழுதிய எந்த வாக்கியத்தையும் இத்தனை சிக்கனமாக எழுதியதில்லை.

அவளை வார்டுப் பணியிலிருந்து நிறுத்தினார்கள். தேர்வுக்கு அனுமதிக்கவில்லை. அவளுடைய வகுப்புத் தோழிகள் தேர்ச்சி பெற்று, தொப்பியும் விளக்குமாகப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் அடுத்த ஆண்டுப் பெண்களோடு உட்கார்ந்து அதே பாடத்தை மறுபடி படித்தாள். யாரிடம் என்று கேட்கிறீர்களா? என்னிடம்தான்! அத்தா ஒருமுறை வந்து என்னைப் பார்த்தார். கையில் பழுதுபார்த்த குடை ஒன்று. மழை வரப்போகிறது என்பதால் எனக்காகக் கொண்டுவந்தாராம். "புள்ளை என்னமோ தப்புப் பண்ணிப்போட்டா. நீங்கதான் பாத்துக்கோணுங்க" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். குடையையும் வாங்கிக்கொண்டேன்.

ஏன் அவள் சொல்லவில்லை? இதுவும் என்னைக் குடைகிறது. பயமா? ஆசிரியையை மாட்டிவிடக் கூடாது என்ற மரியாதையா? நானே சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்தாளா? எதிர்பார்த்திருந்தால், எத்தனை நாள் வரைக்கும் எதிர்பார்த்தாள்? மறு ஆண்டு வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் எதிர்பார்க்கிறாளோ என்று தோன்றும். ஒரு கேள்விகூட அவள் அதற்குப் பிறகு என்னைக் கேட்கவில்லை.

சென்னியப்பன் பிழைத்துக்கொண்டார். நெடுநாள் கிடந்து, வயிற்றின் பக்கவாட்டில் மலம் சேரும் பையோடு ஊருக்குப் புறப்பட்டார். தீவன மூட்டை தூக்கும் உடம்பு போய்விட்டது. பண்ணையைத் தம்பியிடம் விட்டுவிட்டதாகச் சொன்னார். புறப்படும்போது என்னைக் கும்பிட்டார்.

"உங்க புண்ணியத்துலதான் உசுரு நிக்குதுங் டீச்சரம்மா."

நான் ஏதோ முணுமுணுத்தேன்.

"அந்தப் புள்ளை எங்கீங்க, காணமே?"

"லீவுல போயிருக்கா."

"நல்ல புள்ளைங்க. ரெண்டுதானா, ரெண்டுதானான்னு மறுக்கா மறுக்கா கேட்டுச்சு. நாந்தான் சொல்லலீங்க." அவர் குரலைத் தாழ்த்தினார், ரகசியம் சொல்வதுபோல. "வெளியூர்ல இருந்து ஆளுங்க வர்றாங்கன்னு சொன்னீங்களா... நம்மளைப் பத்திப் பேசறேன்னு வேற சொன்னீங்க. நம்மனால உங்க கணக்குக் கெட்டுப்போகப்படாதுன்னுட்டு, ரெண்டுன்னே சொல்லிப்போட்டேனுங்க."

சிரித்தார். எனக்கு ஓர் உபகாரம் செய்துவிட்ட நிறைவு அந்தச் சிரிப்பில் இருந்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பொங்கலுக்குப் பொங்கல் பல்லடத்திலிருந்து யாராவது ஓர் அட்டை முட்டை கொண்டுவந்து என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் வாயில் வைத்ததில்லை. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவேன். "உங்களுக்கு முட்டை பிடிக்காதுங்களா?" என்று கேட்பார்கள்.

பிறகு பாடத்தை மாற்றினேன். எண்ணை மட்டும் நம்பாதீர்கள், முகத்தைப் பாருங்கள், கையைப் பாருங்கள், இருமச் சொல்லிப் பாருங்கள், கூட இருப்பவரைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்; நம் ஊரில் நோயாளி தன் வலியைச் சொல்வதற்கு முன் உங்கள் சிரமத்தை நினைப்பார் என்று சொல்லித் தந்தேன். ஒருத்தி எழுந்து, "இதுக்கு ஆதாரம் என்னங்க மேடம்?" என்று கேட்டாள். நான் வளர்த்த பிள்ளைகள்! "அனுபவம்" என்றேன். யாருடைய அனுபவம் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வகுப்பில் பரிதா என்ற பெயரை நான் ஒருமுறைகூட உச்சரித்தது கிடையாது. அவளுக்குத் தர வேண்டியதைத் தராததோடு, அவள் கண்டதை என் அனுபவமாக எடுத்தும் கொண்டேன்...

போன மாதம் அவளைப் போத்தனூர் ரயில் நிலையத்தில் பார்த்தேன். நல்ல வெயில் வேளை. பாலக்காட்டுப் பக்கம் போகும் வண்டிக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் குழந்தையோடு எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று கையமர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கணவர் அங்கே கடை வைத்திருக்கிறாராம். அவளும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாளாம்.

"இன்னும் எழுதறீங்களா மேடம்? நான் பாத்தா விடமாட்டேனுங்க, படிச்சுருவேன்."

இதற்குமேல் தாங்க முடியவில்லை. இத்தனை ஆண்டுகளாக மனத்துக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் கலைந்துபோய், அரைகுறையாகத்தான் வாயிலிருந்து வந்தது.

"பரிதா... அன்னிக்கு அந்த ரூம்ல... நான் வாயைத் திறந்திருக்கணும்..."

"அட, அது எப்பவோ போச்சுங்க மேடம்" என்று சிரித்தாள். "அதைப் போயி நெனச்சுட்டு இருப்பாங்களா? பரவால்லீங்க."

பரவால்லீங்க!

வேறு எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு நிம்மதியாக எழுந்து போயிருப்பேன். ஆனால் அந்தச் சொல்லின் மதிப்பு என்னவென்று எனக்கே கற்றுத்தந்தவள் அல்லவா அவள்? முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. நான் அவள் கையைப் பார்த்தேன். குழந்தையை அணைத்திருந்த கை தளர்வாகத்தான் இருந்தது. இன்னொரு கை பெஞ்சின் ஓரத்து இரும்பைப் பிடித்திருந்தது.

விரல் கணுக்கள் வெளுத்திருந்தனவா? குழந்தையின் பாரமாக இருக்கலாம். வெயில் பட்டு அப்படித் தெரிந்திருக்கலாம். தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. 'பரிதா, உண்மையாகச் சொல், எத்தனை?' என்று கேட்டிருக்க வேண்டும். அவள் எட்டு என்றால், ஒன்பது என்றால்... அதற்குப் பிறகு நான் என்ன செய்வேன்?

வண்டி வந்தது. பையை எடுத்துக் கொடுத்தேன். "வாரேனுங்க மேடம், உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

நான் கேட்கவில்லை. பழக்கதோஷம்... 'இரண்டு' என்று மனத்துக்குள் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.